தலைப்பிரசவத்துக்கு முன் எதைப் படிப்பது? கட்டைப்பைக்குள் இருக்கும் காகிதங்களிலிருந்து தொடங்கலாம்

கர்ப்பம் என்று உறுதியான சில வாரங்களுக்குள் ஒரு பெண்ணிடம் வந்து குவியும் படிப்பு கொஞ்சநஞ்சமல்ல. செவிலியர் கொடுத்த அட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு கட்டைப்பையில் கிடக்கும். கைபேசியில் இன்னொரு குவியல்: நாத்தனார் அனுப்பிய யூடியூப் காணொளி, வாட்ஸ்அப்பில் சுற்றும் மாதவாரி உணவுப் பட்டியல், வாரத்துக்கொரு பழத்தைக் காட்டி ‘குழந்தை இப்போது இந்த அளவு’ என்று சொல்லும் செயலி. இரண்டாவது குவியல் ராத்திரி ஒரு மணி வரை படிக்கப்படுகிறது. கட்டைப்பையில் இருப்பதை டாக்டர் மட்டும்தான் பார்க்கிறார்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. யூடியூபில் பேசுபவருக்கு உங்களைத் தெரியாது. பைக்குள் இருக்கும் காகிதங்கள் உங்களைப் பற்றி மட்டும் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால், வெளியே கிடைக்கும் புத்தகத்திலும் காணொளியிலும் எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது பாதி விளங்கிவிடும். சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களை மனதில் வைத்து, அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

குழப்பம் நாள்கணக்கிலேயே ஆரம்பிக்கிறது. ‘அஞ்சு மாசம் நடக்குது’ என்கிறார் மாமியார். ரிப்போர்ட்டில் 18 வாரம் 3 நாள் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான். மாமியார் நடக்கும் மாதத்தைச் சொல்கிறார், ரிப்போர்ட் முடிந்த வாரத்தைச் சொல்கிறது.

மருத்துவக் கணக்கில் கர்ப்ப காலம் 280 நாள், அதாவது 40 வாரம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து இதை எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆகவே ‘6 வாரம்’ என்று எழுதியிருக்கும்போது கருவின் உண்மையான வயது நான்கு வாரம். வெளியூர் வேலையிலிருந்து கணவர் வந்து போன தேதியை ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்து வீணாகச் சந்தேகப்படுபவர்கள் இந்த இரண்டு வாரத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

நம் பேச்சில் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்கிறோம். மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளை வைத்து வந்த சொல் அது. அதனாலேயே பல வீடுகளில் தலைமுழுகிய நாளிலிருந்து எண்ணும் வழக்கம் இருக்கிறது. டாக்டர் கேட்பது அதற்குச் சில நாள் முந்தைய தேதியை. பதிவு செய்யும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது.

பிரசவ தேதிக்கான கணக்கு எளிது: அந்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்ட வேண்டும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. ‘பத்து மாதம் சுமந்தாள்’ என்பதும் பொய்யில்லை. 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் 280 நாள் சரியாகப் பத்து மாதம் வரும்.

அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. 37 வாரம் முடிந்தால் குறைமாதம் என்ற கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுகிறது. ‘ஏழாம் மாதக் குழந்தை தங்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். இதே காரணத்தால்தான், மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல் நாள் நட்சத்திரம் பார்த்து 39 வாரத்துக்கு முன்பே சிசேரியன் வைத்துக்கொள்வதை டாக்டர்கள் விரும்புவதில்லை.

பிக்மி நம்பர் ஏன் கேட்கிறார்கள்?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவரையும் பொது சுகாதாரத் துறையின் ‘பிக்மி’ இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். பதிவானதும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இதைப் பிக்மி நம்பர் என்றும் ஆர்சிஎச் ஐடி என்றும் சொல்வார்கள். கிராமத்தில் கிராம சுகாதார செவிலியரும் நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் பதிவு செய்வார்கள். நாமே இணையத்தில் முன்பதிவு செய்தாலும் செவிலியர் சரிபார்த்த பிறகுதான் அது முழுமையாகும். 12 வாரத்துக்குள் முடிப்பது நல்லது.

‘நான் தனியார் மருத்துவமனையில்தானே பார்க்கிறேன், எனக்கு எதற்கு?’ என்பது நகரத்தில் அடிக்கடி வரும் கேள்வி. உதவித்தொகை வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த எண் தேவை. பிரசவத்துக்குச் சேரும்போது கேட்பார்கள், குழந்தையின் பிறப்புப் பதிவிலும் அதை இணைப்பார்கள். கடைசி நேரத்தில் வலியோடு கட்டிலில் படுத்துக்கொண்டு ஆதார் ஓடிபி தேட முடியாது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டுச்சோறு, வளைகாப்பு முடிந்ததும் சேலத்துப் பெண் தர்மபுரிக்கோ நாமக்கல்லுக்கோ போய்விடுவாள். அங்கே புது எண் வாங்கக்கூடாது. பழைய எண்ணைச் சொன்னால் போதும். கிளம்புவதற்கு முன் இங்குள்ள செவிலியரிடம் சொல்லிவிட்டு, அங்கே போனதும் அந்தப் பகுதிச் செவிலியரைப் பார்த்தால் பதிவு விட்டுப்போகாமல் தொடரும்.

அட்டையில் பார்க்க வேண்டிய எண்கள்

தாய் சேய் நல அட்டை மெல்லிய புத்தகம்தான். படங்களோடு தமிழில் இருக்கிறது, விலையும் இல்லை. தலைப்பிரசவத்துக்கு முன் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் என்றால் இதையே சொல்வேன். பலர் அதைச் செவிலியர் கையெழுத்துப் போடும் நோட்டாக மட்டும் நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பரிசோதனையிலும் அதில் எழுதப்படும் எண்களில் நான்கை நீங்களே படிக்க வேண்டும்.

1. ஹீமோகுளோபின். கர்ப்ப காலத்தில் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-லிருந்து 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழே என்றால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏறக்குறைய இருவரில் ஒருவர். ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் வழக்கமான அளவு ரத்தப்போக்கு வந்தாலே ஆபத்தாகிவிடும். ‘எனக்குக் களைப்பு இல்லையே’ என்பது இங்கே செல்லாது. மெதுவாகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும், தெரியாது.

2. ரத்த அழுத்தம். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார்கள். 20 வாரத்துக்குப் பிறகு இது ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியானால் அதைத்தான் ‘ப்ரீ எக்ளாம்ப்சியா’ என்கிறார்கள். முற்றினால் வலிப்பு வரும். முதல் கர்ப்பத்தில் இதற்கான வாய்ப்பு கூடுதல். காலில் லேசான வீக்கம் பலருக்கும் வருவதுதான். முகமும் கைவிரலும் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி ஆகியவை அப்படியல்ல, அன்றைக்கே போக வேண்டும்.

3. சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்த முறைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. இதை எளிமையாக்கி நாடு முழுக்கக் கொண்டுபோனதில் சென்னை மருத்துவர் வே. சேஷையாவின் பங்கு பெரிது. முதல் தடவை சரியாக இருந்தாலும் 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது அந்தச் சமயத்தில்தான் அதிகமாகிறது. ‘எங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லை’ என்று தவிர்க்கக்கூடாத சோதனை இது.

4. எடை. சராசரி உடல்வாகு உள்ளவருக்கு மொத்தம் 10 முதல் 12 கிலோ கூடும். மசக்கையில் முதல் மூன்று மாதம் கூடாமல் இருப்பதும், ஒன்றிரண்டு கிலோ குறைவதும் சகஜம். கடைசி மாதங்களில் ஒரே வாரத்தில் திடீரென ஏறினால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ரத்த அழுத்தத்தோடு சேர்த்து.

இவை தவிர அட்டையின் முன்பக்கத்தில் ரத்தப் பிரிவு இருக்கும். நெகட்டிவ் என்று இருந்து கணவருக்குப் பாசிட்டிவ் என்றால் ‘ஆன்டி-டி’ ஊசி பற்றிக் கேளுங்கள். வழக்கமாக 28-ஆவது வாரத்தில் ஒன்று. குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது, அடுத்த குழந்தைக்குத்தான் பாதிப்பு. அதனாலேயே தலைப்பிரசவத்தில் இது கவனத்திலிருந்து நழுவுகிறது.

மாத்திரைப் பட்டை சொல்வது

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டு ஆகப்போகும் குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்து சோதித்துப் பார்க்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். எனவே திட்டமிட்டுக் கருத்தரிப்பவர்கள் முன்பே தொடங்குவது சிறந்தது.

நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தது 180 நாள். அரசு தருவதில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கூடவே 500 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து மாத்திரை இரண்டு வேளை. இந்த இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் சுண்ணாம்பு இரும்பை உறிஞ்சவிடாது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

காபித் தோட்ட ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காபியிலும் டீயிலும் உள்ள பொருள்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை வீணாக்கும். சாப்பிட்டதும் டம்ளர் டீ, அதோடு மாத்திரை என்பது பாதி மாத்திரையைக் குப்பையில் போடுவதற்குச் சமம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காபி, டீ வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ, ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளையோ கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். காபியையே நிறுத்த வேண்டுமா என்றால் வேண்டாம். காலை ஒன்று, மாலை ஒன்று, அதுவும் சின்ன டம்ளரில் என்றால் பெரும்பாலோருக்குத் தொந்தரவில்லை.

மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி படுக்கும் முன் போட்டுப் பார்க்கலாம். யாரிடமும் சொல்லாமல் பட்டையை அலமாரியில் ஒளித்துவைப்பதுதான் மோசம்.

அப்புறம் ஜவ்வரிசி. சேலம் மாவட்டத்தில் அதைத் தயாரிக்கும் சேகோ ஆலை இல்லாத பக்கம் குறைவு, கர்ப்பிணிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பதும் வழக்கம். வாந்தியில் எதுவும் நிற்காத நாளில் அது நல்ல ஆகாரம். ஆனால் அது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. புரதமோ இரும்போ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏற்றதும் இல்லை. கேழ்வரகு அப்படியல்ல, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. கேழ்வரகுக் களி, கீரை, பருப்பு, முட்டை என்று போனால் கர்ப்ப காலத்தில் கூடுதலாகத் தேவைப்படும் நாளொன்றுக்கு 350 கலோரி தானே வந்துவிடும். இரண்டு பேருக்கான சோறு வேண்டியதில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிப்பது

அதிகம் பயமுறுத்தும் காகிதம் இதுதான். முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரைப் பார்க்கும் வரையுள்ள இரண்டு மணி நேரத்தில் கூகுளில் தேடி அழுது முடித்திருப்பார்கள்.

எந்த ஸ்கேன் எப்போது என்பதற்குக் காரணங்கள் உண்டு. 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை எடுப்பது, குழந்தையின் நீளத்தை அளந்து வயதை உறுதி செய்யவும், கழுத்துப் பின்புற நீரின் அளவைப் பார்க்கவும். 18-லிருந்து 20 வாரத்தில் எடுப்பது உறுப்புக் குறைபாடுகளைப் பார்க்க. அதற்கு முன் இதயம் தெளிவாகத் தெரியாது. தள்ளிப்போட்டால் வேறு சிக்கல் வரும். கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. 2021-இல் திருத்திய பிறகும் 20 வாரம், 24 வாரம் என்ற எல்லைகள் அதில் இருக்கின்றன. பெரிய குறைபாடு ஏதாவது தெரிந்தால் மறுகருத்துக் கேட்டு முடிவெடுக்க அவகாசம் வேண்டும். ‘ஆடி முடியட்டும், அப்புறம் எடுக்கலாம்’ என்று தள்ளக்கூடாத ஸ்கேன் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அடிக்கடி கலவரப்படுத்தும் சொற்கள் சில:

1. ஒவ்வொரு ஸ்கேனிலும் வேறு வேறு பிரசவ தேதி. எட்டாம் மாத ஸ்கேனில் இயந்திரம் அளவை வைத்துத் தேதி போடுகிறது. குழந்தை கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேதி முன்னே வரும், சிறிதாக இருந்தால் பின்னே போகும். ஆரம்ப ஸ்கேனில் உறுதியான தேதியே கடைசி வரை தேதி. பின்னால் வருவது வளர்ச்சியைத்தான் காட்டுகிறது.

2. ‘லோ லையிங் பிளசண்டா’. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று பொருள். 20 வாரத்தில் இப்படி எழுதப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பை விரிய விரிய அது மேலே போய்விடும். 32 வாரத்துக்கு மேலும் அது கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் திட்டம் மாறும். அதுவரை ரத்தப்போக்கு வந்தால் மட்டும், துளியாக இருந்தாலும், உடனே போக வேண்டும்.

3. ‘ஆன்டீரியர்’, ‘போஸ்டீரியர்’. நஞ்சு முன்பக்கச் சுவரிலா, பின்பக்கச் சுவரிலா என்பது மட்டுமே. ஆண், பெண் சங்கதி எதுவும் இதில் இல்லை. முன்பக்கம் இருந்தால் அசைவு சற்றுத் தாமதமாகத் தெரியலாம். முதல் கர்ப்பத்தில் அசைவு தெரிவதே 18-லிருந்து 20 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாண்டும்.

4. ‘செஃபாலிக்’, ‘ப்ரீச்’. தலை கீழே இருப்பது முதலாவது, பிட்டம் கீழே இருப்பது இரண்டாவது. 28 வாரத்தில் ப்ரீச் என்று இருந்தால் கவலை வேண்டாம், குழந்தை இன்னும் சுற்றும். 36 வாரத்திலும் அப்படியே என்றால் டாக்டரோடு பேச வேண்டிய விஷயம்.

5. கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை என்று இதற்குத் தனிக் கதைகள் உண்டு. இது மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது. குழந்தை மூச்சை மூக்கால் விடுவதில்லை, கொடி வழியாகத்தான் ஆக்சிஜன் வருகிறது. எனவே தளர்வான ஒரு சுற்று ‘கழுத்தை நெரிக்காது’. அதற்காக மட்டுமே சிசேரியன் என்று யாராவது சொன்னால் இன்னொரு கேள்வி கேட்கலாம்.

6. இதயத்துடிப்பு 150, 155. நிமிடத்துக்கு 110-லிருந்து 160 வரை இயல்பு. வேகமாக இருந்தால் பெண் என்பது வெறும் பேச்சு.

ரிப்போர்ட்டில் இல்லாத ஒன்று, குழந்தையின் பாலினம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். ஸ்கேன் மையங்களின் சுவரில் அந்த அறிவிப்புப் பலகை இருப்பதில் சேலத்துக்குத் தனி வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான்.

புத்தகம், காணொளி, செயலி: எதை நம்புவது?

இதுவரை பார்த்தது கையில் இருப்பது. வெளியே தேடிப் படிப்பதில் தவறேயில்லை, ஆர்வத்தைக் குறைசொல்லவும் முடியாது. மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் மகப்பேறு பற்றி மருத்துவர்கள் தமிழில் எழுதிய நூல்களைக் கேட்டுப் பார்க்கலாம். எடுத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, எழுதியவர் யார், எந்த ஆண்டு? இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் சர்க்கரைச் சோதனை முறையும் மாத்திரை அளவும் மாறியிருக்கும். குழந்தை எப்படி வளர்கிறது என்ற பகுதி மாறாது, அதை நிம்மதியாகப் படிக்கலாம்.

இரண்டாவது, யார் காசு கொடுத்தது? மாவுப் பால், புட்டிப்பால் நிறுவனங்கள் தாய்மார்களிடம் விளம்பரம் செய்வதையும் இலவசமாகப் பொருள் கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ‘கர்ப்பிணிகளுக்கான பவுடர்’ அந்தத் தடையில் வராது என்பதால் அதன் பெயரில் கையேடும் காணொளியும் வருகின்றன. அழகான தாள், நல்ல படங்கள், பன்னிரண்டாம் பக்கத்தில் டப்பா. படியுங்கள், டப்பாவை மட்டும் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்கிறதா? குங்குமப்பூவும் பப்பாளியும் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு, ரத்தப்போக்கு பற்றி ஒரு வார்த்தை சொல்லாத காணொளி உங்களுக்கானது அல்ல. (குங்குமப்பூ நிறம் தராது. பழுத்த பப்பாளி அளவோடு சாப்பிடலாம், பால் வடியும் காய்தான் வேண்டாம்.)

கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழிகள் இருக்கின்றன. 104-ஐ அழைத்து உடல்நல ஆலோசனை கேட்கலாம். இ-சஞ்சீவனி என்ற அரசு இணையச் சேவையில் வீட்டிலிருந்தே இலவசமாக டாக்டரிடம் பேசலாம். காரணம் தெரியாத அழுகை, தூக்கமின்மை, பயம் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல ஆலோசனை எண் இருக்கிறது. மசக்கையில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எல்லாருக்கும் அப்படியில்லை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் நான்காம் மாதம் முதல் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. சந்தேகங்களைத் தாளில் எழுதி எடுத்துப்போனால் அன்றைக்கு ஒரு டாக்டரிடம் நேரில் கேட்டுவிடலாம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு

பொதுவான புத்தகங்கள் ‘வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்புங்கள்’ என்கின்றன. சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டியில் இருப்பவருக்கு அது சரி. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டையும் தாண்டி உள்ளே இருக்கும் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பிரதான சாலைக்கு வந்து சேரவே நேரமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பனிமூட்டமும் மண்சரிவும் வேறு. குப்பனூர் பாதை இன்னொரு வழி என்றாலும் அதுவும் மலைப்பாதைதான்.

இதில் ஓர் ஆறுதலும் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. முதல் பிரசவத்தில் வலி தொடங்கிப் பிள்ளை பிறக்கப் பொதுவாக 12 மணி நேரம், அதற்கு மேலும் ஆகும், எனவே சாதாரண வலிக்கு நேரம் கிடைக்கும். ரத்தப்போக்கும் வலிப்பும் அந்த அவகாசம் தராது. ஆகவே மலையில் இருப்பவர்கள் கணக்குப் போட வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

1. ஏற்காடு அரசு மருத்துவமனையில் எது முடியும், எதற்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று ஏழாம் மாதத்திலேயே செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.

2. ரத்த அழுத்தம், கடும் ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, கீழிறங்கிய நஞ்சு, நெகட்டிவ் ரத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அட்டையில் இருந்தால், 36 வாரம் ஆனதும் அடிவாரத்தில் உறவினர் வீட்டுக்கு இறங்கிவிடுவது பாதுகாப்பு. உறவு இல்லாதவர்களுக்காக மலைப்பகுதிகளை ஒட்டிய சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. எங்கே என்பது செவிலியருக்குத் தெரியும்.

3. சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் கொடுப்பது வீட்டு வழக்கம், கொடுக்கலாம். சூட்டு வலி ஓய்வெடுத்தால் தணியும். பிரசவ வலி இடைவெளி குறைந்துகொண்டே வரும். நீர்க்குடம் உடைந்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், வலி இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும்.

4. 28 வாரத்துக்குப் பிறகு தினமும் ஒரு வேளை, சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு வரவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக்கூடாது.

5. 108-க்கு எந்த இடத்தில் கைபேசி சிக்னல் கிடைக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிறிய விஷயம் போலத் தோன்றும், ஆனால் தோட்டக் குடியிருப்புகளில் முதல் தாமதம் அங்கேதான்.

பணமும் விடுப்பும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணமாகத் தவணைகளில் வங்கிக் கணக்குக்கு வரும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, 19 வயது நிரம்பிய பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தொகை தமிழ்நாட்டில் இதோடு சேர்ந்தே வருகிறது என்பதால் இரண்டு தனித்தனிப் பணம் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரிலேயே, ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். தவணை நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் பெயர் எழுத்து மாறியிருப்பதுதான். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாமே இலவசம். 2011-லிருந்து இது நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. வீடு திரும்பும் வண்டிக்கு 102.

சம்பளத்தோடு விடுப்பு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் பெண்ணுக்கும், வீட்டுத் தறியில் உட்காரும் பெண்ணுக்கும் இதில் எதுவும் எட்டுவதில்லை. அவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டம்தான் விடுப்புச் சம்பளம் மாதிரி, எனவே பதிவைத் தள்ளிப்போட்டால் நட்டமும் அவர்களுக்கே அதிகம்.

பிறந்த பிறகும் அதே அட்டை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அதுவும் சீம்பாலோடு. சேனை தொட்டு வைப்பது, தேன் தடவுவது வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகவும் ஆகலாம். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்புவார்கள். அம்மா, அப்பா பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வீடு திரும்பும் முன் பாருங்கள். குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எண் கணிதம் பார்த்து எழுத்தை இரண்டு தடவை மாற்றுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

கட்டைப்பையைக் காலிசெய்யும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை அடுத்த கர்ப்பத்துக்கு எடுத்து வைக்கவும். தாய் சேய் நல அட்டையைத் தனியாக வைக்கவும். அதன் பின்பாதி குழந்தையின் எடை வரைபடமும் தடுப்பூசிப் பட்டியலும். பிறந்த அன்று போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியில் தொடங்கும் ஊசிக் கணக்கு, 16 வயதில் போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) வரை போகிறது.